கடலில் மீன் எண்ணுவது எப்படி? மண்டபத்தில் ஒரு கணக்குப் பாடம்

ஆன்லைனில் மீன் ஆர்டர் பண்ணுகிறவர்கள் "இந்தியன் சால்மன்" என்ற பெயரைப் பார்த்திருப்பீங்க. மும்பைப் பக்கம் அதையே "ராவஸ்" என்பார்கள். பெயரை நம்பி வாங்கினால் வந்து சேருவது நம்ம ஊர் காலா மீன். நிஜ சால்மனுக்கும் காலாவுக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. முன்துடுப்புக்குக் கீழே விரல் மாதிரி நான்கு இழை தொங்கினால் அது காலா.

பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனால் இந்த இரண்டு மீன்களையும் கண்காணிக்கிற விஞ்ஞானிகளின் வேலையை ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கு, அதாவது இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு, ஒரு சுவாரஸ்யமான பிரச்சினை கிடைக்கும்.

சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வரும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் பான்வில் அணை இருக்கிறது. மீன்கள் ஏறிப் போக அங்கே படிக்கட்டு மாதிரி நீர்வழி கட்டி, பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னலும் வைத்திருக்கிறார்கள். ஜன்னலைத் தாண்டும் மீன்களை இனம் பார்த்து எண்ணுகிறார்கள். 1938-லிருந்து நடக்கிற வேலை இது. "இந்த வருஷம் எத்தனை மீன் வந்தது?" என்று கேட்டால் நேரடியாக ஒரு நம்பர் சொல்ல முடியும்.

இப்போ ராமநாதபுரத்துக்கு வருவோம். நம்ம வைகை பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை பக்கம் கடலைப் பார்க்கும். இங்கே அணையும் ஜன்னலும் வைத்து மீன் எண்ண வழியே இல்லை. மண்டபத்தில் நின்றால் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு வடகடல், தென்கடல். இரண்டும் சேர்ந்து நூற்றுக்கணக்கான வகை மீன்கள். எதுவும் வரிசையில் வந்து நிற்காது.

அப்புறம் எப்படி எண்ணுகிறார்கள்? சுருக்கமாகச் சொன்னால், கடலில் இருக்கும் மீனை யாரும் எண்ணுவதில்லை. கரைக்கு வந்த மீனை வைத்துக் கடலைக் கணக்கிடுகிறார்கள். இந்த வேலையின் கஷ்டம், அழகு, ஆபத்து மூன்றும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

1947-ல் தொடங்கிய வேலை

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சி.எம்.எஃப்.ஆர்.ஐ., 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் நீண்ட காலம் மண்டபம் கேம்ப்பில் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தங்கவைத்து மருத்துவப் பரிசோதனை செய்த முகாம் இருந்த இடம் அது. "கேம்ப்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1967-ல் நிறுவனம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது. மண்டபம் இன்று அதன் மண்டல மையம்.

ராமேஸ்வரம் பக்கம் போனவர்களுக்குக் காரல் மீன் தெரிந்திருக்கும். வெள்ளிக் காசு மாதிரி பளபளவென்று, தட்டையாக, கருவாட்டுக் கடையில் குவிந்து கிடக்கும். அதில் ஒரு இனத்துக்கு, 1957 முதல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ் நினைவாக "ஜோன்சி" என்று அறிவியல் பெயர். அதை 1971-ல் விவரித்தவர் பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ். நாம் கிலோ கணக்கில் வாங்கும் மீனுக்குள் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

படகுத்துறையில் ஒரு காலை

மீன்வள உயிரியலாளர் என்றதும் டைவிங் சூட்டும் பவளப்பாறையும் மனசில் வரும். அதுவும் உண்டு. ஆனால் இந்த வேலையின் முதுகெலும்பு மீன் இறங்குதளம்தான். விடியற்காலையில் ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கும் சத்தம், காலடியில் மீன் தண்ணீர். இதற்கு நடுவில் ஒருவர் நோட்டும் அளவுப் பலகையும் வைத்துக்கொண்டு நிற்பார்.

அவர் எந்த நாள், எந்தத் துறைக்குப் போவது என்பதை அவர் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. நம்ம ப்ராபபிலிட்டி பேப்பரில் வரும் ரேண்டம் சாம்பிளிங்தான் முடிவு செய்யும். அடிப்படைத் திட்டம் இப்படி: மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்று பங்காகப் பிரிப்பார்கள். முதல் ஐந்து தேதிகளில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து, அதோடு அடுத்த ஐந்து நாளையும் சேர்த்தால் ஆறு நாள். இரண்டிரண்டாகப் பிரித்தால் மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் குலுக்கலில் ஓர் இறங்குதளம். முதல் நாள் பகல் 12 மணி முதல் மாலை 6 வரை, மறுநாள் காலை 6 முதல் பகல் 12 வரை துறையில் நிற்க வேண்டும். இடையில் ராத்திரி வந்த படகுகளைப் பற்றி விசாரித்துக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த இரண்டு பங்குக்கும் பத்து நாள் தள்ளி இதே மாதிரி. பெரிய துறைமுகங்களைத் தனி மண்டலமாக வைத்துக் கூடுதல் நாட்கள் பார்ப்பார்கள்.

துறைக்குப் போனதும் அடுத்த கேள்வி: எந்தப் படகைப் பார்ப்பது? 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போகப் போக விகிதம் மாறும். 20 முதல் 29 என்றால் இரண்டில் ஒன்று, 30-களில் மூன்றில் ஒன்று, 40-களில் நான்கில் ஒன்று, 50-ஐத் தாண்டினால் ஐந்தில் ஒன்று.

ஒரு உதாரணம். 60 படகு வருகிறது, ஐந்தில் ஒன்று வீதம் 12 படகைப் பார்க்கிறீங்க. சராசரி 300 கிலோ. அப்போ அன்றைய மொத்தம் 60 × 300, அதாவது 18 டன். ஒரு படகின் மீனையும் முழுசாக எடை போட முடியாது, ஏலக்காரர் காத்திருக்க மாட்டார். பெரிய மீனைத் தனியாக எண்ணிவிட்டு, பொடி மீனில் ஒரு கூடையை மட்டும் கொட்டி, இனம் பிரித்து, எடை பார்த்து, மொத்தக் கூடை எண்ணிக்கையால் பெருக்குவார்கள். ஒரு கூடையில் நடக்கும் தப்பு மாதக் கணக்கில் எத்தனை மடங்கு பெரிதாகும் என்று யோசித்துப் பாருங்க.

செவ்வாய்க்கிழமை பிரச்சினை

"இவ்வளவு குலுக்கல் எதுக்கு? வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். ராமேஸ்வரமே அதற்குப் பதில்.

பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் தகராறு வராமல் இருக்க, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு 1970-களிலிருந்து இருக்கிறது. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலையில் கரை சேரும். அதாவது விசைப்படகு மீன் இறங்குவது செவ்வாய், வியாழன், ஞாயிறு.

ஒவ்வொரு இறங்கு நாளிலும் 100 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வாரக் கணக்கு 300 டன். நீங்க வாராவாரம் செவ்வாய் மட்டும் போய் ஏழால் பெருக்கினால் 700 டன். திங்கள் மட்டும் போனால் பூஜ்யம். கடலில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது உங்க பஸ் டிக்கெட் தேதி மட்டும்தான்.

ஈ.சி.இ. நண்பர்களுக்கு இது புரிந்திருக்கும். சிக்னலின் பீரியடும் சாம்பிளிங் பீரியடும் ஒன்றாகிப் போனால் என்ன ஆகும்? அலையாசிங்! டி.எஸ்.பி. லேபில் ஸ்கோப் திரையில் பார்த்தது இங்கே படகுத்துறையில் நடக்கிறது.

இது தவிர ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. அந்த இரண்டு மாதம் விசைப்படகு டேட்டா கிடையாது, நாட்டுப்படகு டேட்டா மட்டும் வரும். வாடைக்காற்று பலமானால் வடகடல் கொந்தளிக்கும், தொழில் தென்கடல் பக்கம் நகரும். இந்த ஊரின் காலண்டர் தெரியாமல் எழுதிய கோட் எவ்வளவு சுத்தமாக ரன் ஆனாலும் தப்பான விடைதான் தரும்.

சீலா என்றால் எந்த மீன்?

இன்னொரு பிரச்சினை, பெயர். சென்னையில் வஞ்சிரம் என்று விற்கும் மீனைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்பார்கள். அதே சென்னையில் சீலா என்றால் வேறு மீன், தென்மாவட்டத்தில் ஊளி என்று சொல்லும் நீள வாய் மீன். இரண்டு ஊர் டேட்டாவையும் பெயரை மட்டும் வைத்து ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டு வேறு மீன்கள் ஒரே காலத்தில் போய் உட்காரும்.

அதனால்தான் அறிவியல் பெயர். அதை மனப்பாடம் பண்ணினால் மட்டும் போதாது. செதில் வரிசை, துடுப்பு முள், வாய் அமைப்பு பார்த்து, அரை வெளிச்சத்தில், சில நிமிடத்தில் இனம் சொல்லத் தெரிய வேண்டும். வருஷக்கணக்கான பழக்கத்தில்தான் வரும். ஊர்ப் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீனவரோடு பேசவே முடியாது.

கெப்பாசிட்டர் மாதிரி வளரும் மீன்

எத்தனை டன் என்பது பாதிக் கதை. மீதிக் கதை அந்த மீன்களின் வயசு.

சால்மனுக்குச் செதிலில், மரத்தில் இருப்பது போல வளையங்கள் இருக்கும். குளிர்காலத்தில் வளர்ச்சி குறைவதால் வருஷக் கோடு தெரியும். நம்ம கடலில் அப்படிப்பட்ட குளிர்காலம் இல்லை. மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒரு சின்னக் கல் இருக்கும், அதையும் தேய்த்துப் பார்ப்பார்கள். ஆனால் வெப்பக் கடல் மீன்களில் வருஷ வளையம் பல நேரம் தெளிவாக விழாது. அதனால் இங்கே பெரும்பாலும் நீளத்தை வைத்துத்தான் வயசைப் பிடிக்கிறார்கள்.

மாதாமாதம் ஒரே இனத்தில் நூற்றுக்கணக்கான மீன்களை அளந்து ஹிஸ்டோகிராம் போடுவார்கள். ஜனவரியில் 6 சென்டிமீட்டரில் இருக்கும் மேடு மார்ச்சில் 8-க்கு நகர்ந்திருந்தால், அது ஒன்றாகப் பிறந்த ஒரு கூட்டம் வளர்கிறது என்று அர்த்தம். இந்த மேடுகளின் வழியாக வளர்ச்சிக் கோட்டைப் பொருத்தும் கணினி முறையை 1980-களின் தொடக்கத்தில் டேனியல் பாலியும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கினார்கள். அந்தக் கோட்டின் பெயர் வான் பெர்டலன்ஃபி சமன்பாடு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நமக்கு ஃபர்ஸ்ட் இயரிலேயே தெரிந்ததுதான்.

ஆர்.சி. சர்க்யூட்டில் கெப்பாசிட்டர் எப்படி சார்ஜ் ஆகும்? முதலில் வேகமாக ஏறி, சப்ளை வோல்டேஜை நெருங்க நெருங்க மெதுவாகும். மீனும் அப்படித்தான். சப்ளை வோல்டேஜுக்குப் பதில் அந்த இனம் எட்டக்கூடிய உச்ச நீளம், டைம் கான்ஸ்டன்ட்டின் தலைகீழுக்குப் பதில் "கே" என்ற வளர்ச்சி எண். உச்ச நீளம் 20 சென்டிமீட்டர், கே வருஷத்துக்கு 1 என்றால், முதல் வருஷ முடிவில் 12.6, இரண்டாம் வருஷம் 17.3, மூன்றாம் வருஷம் 19 சென்டிமீட்டர்.

எண்ணிக்கை இதற்கு நேர் எதிர். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆவது போல எக்ஸ்போனென்ஷியலாகக் குறையும். குறைவதற்கு இரண்டு காரணம்: இயற்கைச் சாவு, வலை. இயற்கைச் சாவு வீதம் மட்டும் 1 என்றால் வருஷக் கடைசியில் 100-க்கு 37 மீன் மிஞ்சும். வலையாலும் அதே அளவு போனால் 100-க்கு 13 அல்லது 14. மொத்தச் சாவில் வலையின் பங்கு பாதியைத் தாண்டினால் எச்சரிக்கை என்பது ஜான் கல்லண்ட் 1971-ல் முன்வைத்த தோராய விதி. சரியான சட்டம் இல்லை, ஒரு மஞ்சள் விளக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது லேப் டேபிள். வயிற்றைத் திறந்து ஆணா பெண்ணா, சினை எந்த நிலை, இரைப்பையில் என்ன என்று பார்க்க வேண்டும். எந்த நீளத்தில் பாதி மீன்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகின்றன என்பது மிக முக்கியமான எண். அதற்குக் கீழே பிடித்தால் ஒரு தடவைகூட முட்டையிடாத மீனைப் பிடிக்கிறோம் என்று அர்த்தம்.

இங்கே நம்ம காலா திரும்ப வருகிறது. காலா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய காலா எல்லாம் தாய் மீன்கள். பெரியதுக்கு நல்ல விலை என்று அதையே குறிவைத்தால், காலியாவது தாய்மார்களின் வரிசை. டன் கணக்கில் மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அளவுப் பலகையும் கத்தியும் பிடித்தவருக்குத்தான் தெரியும்.

பிடிபட்டது வேறு, இருப்பது வேறு

இந்த வேலையில் பெரிய பொறி எது தெரியுமா? மீன்பாடு குறையவில்லை, அதனால் கடலில் மீன் குறையவில்லை என்று நினைப்பது.

பத்து வருஷத்துக்கு முன்பு 18 டன், இன்றைக்கும் 18 டன். ஆனால் அன்று 40 படகு, இன்று 60 படகு, அதிலும் பெரிய இன்ஜின், ஜி.பி.எஸ்., மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் என்றால்? அதே மீனுக்கு அதிகம் அலைகிறோம் என்று அர்த்தம். அதனால்தான் உயிரியலாளர் "எவ்வளவு மீன்?" என்பதோடு "எத்தனை மணி நேரம் மடி இழுத்தீங்க?" என்றும் கேட்பார்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து இதற்குப் பெரிய விலை கொடுத்தது. அங்கே காட் மீன் குறைந்துகொண்டே வந்தபோதும் மிச்சம் இருந்த கூட்டங்களைப் பெரிய கப்பல்கள் தேடிப் பிடித்தன, அதனால் கப்பல்களின் மீன்பாடு நன்றாகவே தெரிந்தது. அந்த டேட்டாவை நம்பி மீன் வளத்தை அதிகமாக மதிப்பிட்டார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருஷம் என்று சொன்ன தடை முழுதாக விலக முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

பக்கத்தில் கேரளாவையே பாருங்க. 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி இறங்கிய மாநிலத்தில் 2021-ல் சுமார் 3,300 டன்தான். மத்தி வரத்து கடலின் தட்பவெப்பத்தோடும் ஏறி இறங்கும், எல்லாப் பழியும் வலை மேல் போட முடியாது. ஆனால் எது இயற்கை, எது வலை என்று பிரித்துச் சொல்ல நீண்ட கால டேட்டா வேண்டும். சி.எம்.எஃப்.ஆர்.ஐ. பரிந்துரைத்த குறைந்தபட்ச நீளங்களைக் கேரளா சட்டமாக்கியபோது கையில் இருந்ததும் அந்த மாதிரி டேட்டாதான்.

கேட்பவரும் சொல்பவரும்

இதுவரை சொன்னது கணக்கு. இனி ஒரு மனித விஷயம்.

"எங்க மடி போட்டீங்கண்ணே?" சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த கடல் எல்லை ராமேஸ்வரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வந்துவிடுகிறது. தாண்டினால் கைது, படகு பறிமுதல். இந்த ஊரில் அந்தப் பயம் இல்லாத வீடு குறைவு. முன்பின் தெரியாத ஒருவர் நோட்டோடு வந்து இடம் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்?

அதே மாதிரி சங்காயம். உணவுக்கு ஆகாமல் கருவாட்டுத் தூளாகவும் தீவன ஆலைக்கும் போகும் பொடி மீன் குவியலுக்கு இங்கே அதுதான் பெயர். அதில் நாளைக்கு நல்ல விலைக்குப் போக வேண்டிய குஞ்சு மீன்கள் எவ்வளவு என்று உயிரியலாளர் பார்க்க வேண்டும். அந்த நம்பர் அதிகமானால் வலைக் கண் அளவு, தடை நாள் என்று பேச்சு வரும் என்பது மீனவருக்கும் தெரியும். டீசல் கடன் இருப்பவர் அதைக் காட்டத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

டேட்டா கொடுப்பவரின் பிழைப்பே அந்த டேட்டாவில் தொங்குகிறது. நம்ம சென்சார் எதுவும் "இந்த ரீடிங் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும்?" என்று யோசிக்காது. இங்கே யோசிக்கும்.

இதற்கு ஃபார்முலா இல்லை. ஆராய்ச்சி நிறுவனம் அபராதம் போடுகிற இடம் இல்லை, சட்டத்தை அமல்படுத்துவது மாநில மீன்வளத் துறை என்ற வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பப் புரியவைக்க வேண்டும். அதே துறைக்கு, மழையிலும், மீன் வராத நாளிலும் போக வேண்டும். எடுத்த முடிவுகளை மீனவரிடமே திரும்பக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். மீனவருக்குத் தெரிந்ததைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். எந்தக் காற்றுக்கு எந்த மீன் எந்தப் பக்கம் வரும் என்பது அவர்களிடம் தலைமுறை டேட்டாவாக இருக்கிறது. நம்பிக்கை உடைந்தால் நோட்டில் நம்பர் வரும், ஆனால் அது கடலின் நம்பராக இருக்காது. அதை வைத்து எடுக்கும் முடிவு மீனுக்கும் உதவாது, மீனவருக்கும் உதவாது.

நமக்கு இதில் என்ன வேலை?

இந்தத் துறைக்கு நேர் வழி மீன்வள அறிவியல் பட்டம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-ல் வந்தது. முதுகலை, முனைவர் பட்டம் முடித்து வேளாண் விஞ்ஞானிகளுக்கான தேர்வு எழுதித்தான் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. போன்ற இடங்களில் விஞ்ஞானி ஆகிறார்கள். தம்பி, தங்கச்சி யாராவது பிளஸ் டூ முடித்துவிட்டு "பயாலஜி எடுத்தால் டாக்டர் மட்டும்தானா?" என்று கேட்டால் இதையும் சொல்லுங்க.

நாம அந்தப் பட்டம் படிக்கவில்லை, பரவாயில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடும் நண்பர்களுக்கு மூன்று பிரச்சினைகள் இங்கே கிடக்கின்றன. ஒன்று, கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஈரமாக, பளபளவென்று கிடக்கும் மீன்களை போன் கேமராவில் எடுத்து இனமும் நீளமும் சொல்வது. வெள்ளைப் பின்னணியில் ஒற்றை மீனை வைத்து எடுத்த படத்தில் 98 சதவீதம் அக்யூரசி காட்டுவது பெரிய விஷயமில்லை, ஏல நேரத்தில் வேலை செய்கிறதா என்பதுதான் விஷயம். இரண்டு, ஊருக்கு ஊர் மாறும் மீன் பெயர்களை அறிவியல் பெயரோடு இணைக்கும் தமிழ் டேட்டாபேஸ். மூன்று, மீனவர் இடத்தைச் சொன்னாலும் அது அவருக்கு எதிராகத் திரும்பாதபடி, கட்டங்களாக மழுங்கடித்துச் சேமிக்கும் முறை. சி.எஸ்.இ. ஆட்கள் பிரைவசி என்று படிப்பது இதுதான்.

எதை ஆரம்பித்தாலும் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பு ஒரு காலைப் பொழுது படகுத்துறைக்குப் போய் வாங்க. செவ்வாய், வியாழன், ஞாயிறு போனால் விசைப்படகு பார்க்கலாம். ஆனால் அந்த மூன்று நாள் மட்டும் போய்விட்டுக் கணக்குப் போட்டுவிடாதீங்க!